பதின்மூன்று துண்டுகளில் ஒரு பரிணாமக் கணக்கு

மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். சுண்டெலிக்கு 20 ஜோடி. இரு இனங்களும் பிரிந்து ஏறக்குறைய எட்டு கோடி ஆண்டுகள் ஆகின்றன. இக்காலத்தில் குரோமோசோம்கள் ஒடிந்திருக்கின்றன, தலைகீழாகத் திரும்பியிருக்கின்றன, ஒன்றின் துண்டு மற்றொன்றில் போய் ஒட்டியிருக்கிறது. ஆயினும் எலியில் அருகருகே உள்ள சில ஜீன்கள் மனிதனிலும் பிரியாமல் சேர்ந்தே இருக்கின்றன. இப்படிக் கலையாது எஞ்சிய துண்டுகள் எத்தனை?

இக்கேள்விக்கு 1984-இல் ஜோசப் நடோ, பெஞ்சமின் டெய்லர் என்ற இருவர் விடை கூறினர். இவர்கள் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள். இவர்களது கட்டுரை புகழ்பெற்றது. அதனாலேயே அதைச் சற்று உரசிப் பார்ப்போம்.

அன்று இரு இனங்களிலும் இடம் தெரிந்த பொது ஜீன்கள் எண்பதுக்குச் சற்று மேல்தான். அவற்றில் கலையாத துண்டுகளாகத் தெரிந்தவை 13. மிகச் சிறியது 1 சென்டிமார்கன் நீளம். மிகப் பெரியது 24. (நூறு குட்டிகளில் சராசரியாக ஒன்றில் இரு ஜீன்கள் பிரிந்து போனால், அவற்றின் இடைவெளி ஒரு சென்டிமார்கன்.) இந்த 13-ஐ வைத்துக்கொண்டு முழு எலியையும் அளக்க முடியுமா?

இங்கேதான் கட்டுரையின் அழகு இருக்கிறது. நீளம் தெரியாத ஒரு குச்சியின்மேல் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு புள்ளிகள் வையுங்கள். பலமுறை செய்தால், புள்ளிகளின் சராசரி இடைவெளி குச்சியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காக வரும். ஆகவே இரு ஜீன்கள் 6 சென்டிமார்கன் தள்ளி இருந்தால், துண்டின் உண்மை நீளம் 18 என மதிப்பிடலாம். மூன்று ஜீன்கள் கிடைத்து, வெளி ஜீன்களின் இடைவெளி அதே 6 என்றால், மதிப்பீடு 12 ஆகக் குறையும். இன்னொரு சிக்கலும் உண்டு. நீண்ட துண்டில் இரு ஜீன்கள் அகப்படுவது எளிது. குட்டைத் துண்டு கண்ணில் படாமலே போகும். பெரிய கண்ணி வலையில் பெரிய மீன் மட்டும் அகப்படுவது போல. ஆசிரியர்கள் இதற்கும் திருத்தம் செய்தார்கள். கிடைத்த சராசரி 8.1 சென்டிமார்கன்.

எலியின் மரபு வரைபடம் ஏறக்குறைய 1,600 சென்டிமார்கன். அதை 8.1-ஆல் வகுத்தால் 200-க்குச் சற்றுக் குறைவான துண்டுகள். குரோமோசோம்களின் எண்ணிக்கையைக் கழித்தால், பிணைப்பைக் கலைத்த மாற்றங்கள் 178. பிழை எல்லை 39 கூடவோ குறையவோ. பென்சிலால் போடக்கூடிய கணக்கு!

2002-இல் எலியின் முழு ஜீனோமும் வெளியாயிற்று. அதில் 217 தொகுதிகள் என்றார்கள். 342 துண்டுகள் என்றும் சொன்னார்கள். எதை 1984-உடன் ஒப்பிடுவது? பலர் இங்கே குழம்புகிறார்கள். ஜீன் வரிசை குலையாமல் இருப்பது துண்டு. வரிசை உள்ளுக்குள் புரண்டாலும் இரு இனங்களிலும் ஒரே குரோமோசோமில் சேர்ந்திருப்பது தொகுதி. நடோவும் டெய்லரும் எதை எண்ணினார்கள்? அன்று மனித ஜீன்கள் பலவற்றுக்கு எந்தக் குரோமோசோம் என்பது மட்டுமே தெரியும்; மனித உயிரணுவை எலி உயிரணுவோடு இணைத்து அறிந்த செய்தி அது. உள்வரிசை தெரியாது. ஆகவே அவர்கள் எண்ணியது தொகுதிகளைத்தான். 217-க்குப் பக்கத்தில் அவர்களது விடை நிற்பது வியப்புக்குரியது. ஆனால் ‘ஜீன் வரிசையைக் கணித்தார்கள்’ என்று எழுதுவது தவறு.

இக்குழப்பத்துக்குச் ‘சின்டெனி’ என்ற சொல்லும் ஒரு காரணம். 1971-இல் ஜான் ரென்விக் அதை உருவாக்கியபோது, ஒரே குரோமோசோமில் இருத்தல் என்பதே பொருள். இன்று வரிசை ஒற்றுமைக்கும் அதையே சொல்கிறார்கள். வாசகர்கள் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

என் முக்கியக் குறை வேறு. குரோமோசோம் எங்கு வேண்டுமானாலும் சமவாய்ப்பில் ஒடியும் என்று கட்டுரை கருதுகிறது. தன் சான்று அதற்கு இசைவாக இருப்பதாகவும் கூறுகிறது. பதின்மூன்று துண்டுகள் இதை நிறுவப் போதா. மறுக்கவில்லை என்றே சொல்லலாம். ஆசிரியர்கள் அடக்கமாகத்தான் எழுதினார்கள். பின்னால் வந்தவர்களே அதை விதியாக்கிவிட்டார்கள்.

2003-இல் பாவெல் பெவ்ஸ்னரும் கிளென் டெஸ்லரும் அந்த விதியைத் தாக்கினர். அவர்கள் கண்ட பெரிய தொகுதிகள் 281. எலியிலிருந்து மனிதனின் வரிசையை அடையக் குறைந்தது 245 மாற்றங்கள் தேவை. ஒரு தலைகீழ்த் திருப்பத்துக்கு இரண்டு முறிவுகள் வேண்டுமல்லவா? அப்படியானால் ஏறக்குறைய 490 முறிவுகள். எல்லைகளோ முந்நூறை ஒட்டியே உள்ளன. எனவே சில இடங்கள் மீண்டும் மீண்டும் ஒடிந்திருக்க வேண்டும் என்றார்கள்.

வாதம் கூர்மையானதுதான். ஆனால் 2005-இல் டேவிட் சாங்கோஃபும் ஃபில் டிரினும் ஓர் ஓட்டையைக் காட்டினர். சிறு தொகுதிகளைக் கணக்கிலிருந்து நீக்கினால், அவற்றின் எல்லைகளும் மறைந்துபோகும். வெவ்வேறு இடத்து முறிவுகள் ஒரே இடத்தில் நிகழ்ந்தவை போலத் தோன்றும். 1984-இல் கண்ணில் படாத குட்டைத் துண்டுகளுக்காகத் திருத்தம் செய்தார்களே, அதே குட்டைத் துண்டுகள்தான் இருபது ஆண்டுகளுக்குப் பின் இங்கும் தகராறு செய்தன.