வரம் தரும் கடவுளா, உடன் வாழும் கடவுளா?

நம் பங்குகளில் இக்காலத்தில் மிகுதியாகக் கேட்கப்படும் சொல் 'மனக்கலக்கம்' என்பதாகும். தேர்வு எழுதிய மாணவன், வேலை தேடி வெளியூர் சென்று வெறுங்கையுடன் திரும்பிய இளைஞன், மகளின் திருமணத்திற்குப் பொருள் சேர்க்கும் தாய் என அனைவரும் இச்சொல்லோடுதான் குருவிடம் வருகின்றனர். நாமோ, "விசுவாசக் குறைவால் வந்த கலக்கம்" என்று எளிதாகக் கூறி, ஒரு செபத்தையும் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இவ்விடை சரியானதுதானா என்ற ஐயத்தை என்னுள் எழுப்பியவை இறையியல் நூல்கள் மட்டுமல்ல. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த ஓர் எழுத்தாளரின் இரு சிறுகதைகளும்தாம்.

நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் கீர்க்ககார்டின் 'அச்சமும் நடுக்கமும்' என்ற நூல் வெளிவந்தது. மகனைப் பலியிட மலையேறிய ஆபிரகாமின் மூன்று நாள் பயணத்தை அவர் அதில் ஆராய்ந்தார். அடுத்த ஆண்டில் கலக்கத்தைப் பற்றியே தனி நூல் எழுதினார். அச்சம் வேறு, கலக்கம் வேறு என்பது அவர் கருத்து. அச்சத்திற்குப் பொருள் உண்டு. பாம்பைக் கண்டால் அஞ்சுகிறோம். கலக்கத்திற்கு அத்தகைய பொருள் இல்லை. எந்த வழியையும் தேர்ந்தெடுக்கத் தனக்கு உரிமை உண்டு என மனிதன் உணரும்போது அவனுக்குள் எழும் தலைசுற்றலே அது. ஆகவே, கலக்கம் நோயன்று, சுதந்திரத்தின் அடையாளம்.

இந்த ஊற்றிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன. 1945ஆம் ஆண்டு பாரிசில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் சார்த்தர், கடவுள் இல்லை. ஆகவே தன் தேர்வுகளுக்கு மனிதன் எந்தச் சாக்கும் சொல்ல இயலாது என்றார். 1929இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த காபிரியேல் மார்செலோ, மனித வாழ்வு தீர்க்கப்பட வேண்டிய கணக்கன்று, பங்கேற்க வேண்டிய மறைபொருள் என்றார். பிறருக்காக உடனிருத்தலையே நம்பிக்கையின் நிலமாகக் கண்டார். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தம் 'ஹுமானி ஜெனெரிஸ்' சுற்றுமடலில் இருத்தலியலைக் குறித்து எச்சரித்ததும் உண்மையே. ஆனால் எச்சரிக்கை வேறு, எழுப்பப்பட்ட வினா வேறு. வினா இன்றும் நம்முன் நிற்கிறது.

புதுமைப்பித்தன் (1906–1948) நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பட்டம் பெற்றவர். அவருக்கு 'இருத்தலியலாளர்' என்னும் சட்டையைப் போர்த்த நான் விரும்பவில்லை. சார்த்தரின் உரைக்கு ஈராண்டுகள் முன்னரே, 1943இல், நான் குறிப்பிடும் இரு கதைகளும் வெளிவந்துவிட்டன. பாரிசிலிருந்து கடன் வாங்கிய கேள்விகள் அல்ல அவை. நம் வீட்டுத் திண்ணையிலேயே பிறந்தவை.

முதற்கதை, 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. மேலகரத்துக் கந்தசாமிப் பிள்ளை சென்னையில் ஒரு சித்த வைத்தியப் பத்திரிகையை நடத்தித் தள்ளாடுபவர். தெருமுனையில் எதிர்ப்படும் கடவுளை அவர் காப்பிக் கடைக்கு அழைத்துச் செல்கிறார். பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராகச் சேர்த்துக்கொள்கிறார். ஆனால் வரம் மட்டும் வேண்டாமென மறுத்துவிடுகிறார். இதைப் பலர் வெறும் நையாண்டி என்று கடந்துவிடுகின்றனர். எனக்கு அது மனித சுதந்திரத்தின் அறிவிப்பாகத் தோன்றுகிறது. வரம் பெற்றவன் கடனாளி. பிள்ளையோ கடவுளோடு கடனின்றிப் பேச விரும்புகிறார். கதையின் இறுதியில், எட்ட நின்று வரம் தர முடியுமேயன்றி மனிதரோடு கூடி வாழத் தம்மால் இயலாது எனக் கடவுளே ஒப்புக்கொண்டு விடைபெறுகிறார்.

இவ்விடத்தில் கிறிஸ்தவ வாசகர் சற்று நிற்க வேண்டும். "எங்கள் கடவுள் அப்படிப்பட்டவர் அல்லர், வார்த்தை மனுவுருவாகி நம்மிடையே குடிகொண்டவர்" என்று சொல்ல நம் நா துடிக்கும். கொள்கையளவில் அது உண்மை. நடைமுறையில் நாம் வணங்குவது யாரை? நவநாளின் விண்ணப்பத்தாள்களையும், நேர்ச்சைப் பொருள்களையும், நன்றி அறிவிப்புகளையும் எண்ணிப் பாருங்கள். எளிய மக்களின் பக்தியை நான் பழிக்கவில்லை. அதன் மடியில் வளர்ந்தவன்தான் நானும். ஆயினும் பெத்லகேமில் பிறந்தவரை நாமே மீண்டும் எட்ட நிற்கும் வரதாதாவாக மாற்றிவிட்டோமோ என்ற வினாவை இக்கதை நம்மிடம் கேட்கிறது. அவ்வகையில் புதுமைப்பித்தன் கிண்டல் செய்தது கடவுளையன்று, நம் கடவுட்படிமத்தை.

இரண்டாம் கதை 'செல்லம்மாள்'. ஊரை விட்டுச் சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியாகப் பிழைக்கும் பிரமநாயகம் பிள்ளை, நெடுநாள் நோயாளியான மனைவியைத் தாமே சமைத்துப் போட்டுப் பேணுகிறார். அவள் உயிர் பிரிந்த நொடியில் கதை தொடங்குகிறது. பின்னர் பழைய நாள்களுக்குச் செல்கிறது. இங்கே கடவுள் கதைமாந்தராக வருவதில்லை. வரமும் இல்லை, அற்புதமும் இல்லை. ஆனால் முதற்கதையில் கடவுள் தம்மால் இயலாது என்ற ஒன்றை இங்கு ஓர் எளிய மனிதர் செய்து முடிக்கிறார். அவர் உடன் வாழ்கிறார். இறுதிவரை விலகாமல் இருக்கிறார். இரு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் ஒன்றின் கேள்விக்கு மற்றொன்று விடையாவது புலப்படும்.

புதுமைப்பித்தனோடு நான் முரண்படும் இடமும் உண்டு. கந்தசாமிப் பிள்ளைக்குக் கலக்கமே இல்லை. அவருடைய சாமர்த்தியமான பேச்சு, கடவுளின் முன்னிலையில் மனிதனுக்கு நேரும் நடுக்கத்தைத் தப்பிக்கச் செய்துவிடுகிறது. யாக்கோபு இரவெல்லாம் போராடித் தொடை விலகி நொண்டிச் சென்றான். பிள்ளை ஒரு கீறலுமின்றி வீடு திரும்புகிறார். சிரிப்பால் வென்ற சுதந்திரம் விலையின்றிக் கிடைத்த சுதந்திரம். பிரமநாயகம் பிள்ளையே அவ்விலையைக் கொடுத்தவர். ஆகவேதான் முதற்கதையின் புகழுக்கு முன்னால் சற்று மறைந்து நிற்கும் 'செல்லம்மாள்' கதையையே நான் உயர்ந்த படைப்பாகக் கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்குமுன், ஆற்றில் குளிக்கச் சென்ற மகனை இழந்த ஒரு தாயின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். இறைவனின் திட்டம், மறுவாழ்வின் நம்பிக்கை என்று நான் பேசத் தொடங்கியதும் அவர் தலை நிமிர்ந்தார். "சாமி, வசனமெல்லாம் எனக்கும் தெரியும். செத்த நேரம் சும்மா இருந்துட்டுப் போங்க" என்றார். கடிந்து சொல்லவில்லை, கெஞ்சிச் சொன்னார். மாலை வரை அங்கேயே அமர்ந்திருந்தேன். என் குருத்துவ வாழ்வில் நான் ஆற்றிய நல்ல மறையுரை ஒருவேளை அந்த மௌனமாகவே இருக்கலாம்.

கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் கலங்கினார். துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டுமென மன்றாடினார். அவரிடம் விசுவாசம் குறைந்திருந்தது என்று சொல்ல எவருக்குத் துணிவு வரும்? அவ்வேளையில் சீடர்களிடம் அவர் கேட்டது விளக்கத்தையன்று, விழித்திருக்கும் துணையை. அவர்களோ உறங்கிப்போயினர். கலங்கி வருபவரை அடுத்த முறை காணும்போது, செபத்தாளை எடுத்து நீட்டுவதற்குமுன் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவோம். உடன் வாழ இயலாதென்று விடைபெற்ற அந்தக் கடவுளுக்கு நாம் சொல்லக்கூடிய மறுமொழி அதுவே.