வெற்றிடமும் ஓர் உரையே

அச்சமைப்பு நூலுக்கு வெறும் அலங்காரம் என எண்ணுவோர் நம்மில் பலர். மர்ரே பதிப்புகளைக் கையிலெடுத்தால் அவ்வெண்ணம் மாறும்.

1950களில் சென்னை மர்ரே நிறுவனத்தைச் சார்ந்த எஸ். ராஜம், அறிஞர்களின் துணையோடு, பழந்தமிழ் நூல்களை மலிவு விலையில் வெளியிட்டார். உரை இல்லை, மூலம் மட்டுமே. சந்தி பிரித்து, சொற்களிடையே இடம் விட்டு, நிறுத்தக்குறிகளும் இட்டனர். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியும் இல்லை, இடைவெளியும் இல்லை என்பதை நினைத்தால், இது எத்துணைப் பெரிய மாற்றம்! குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் வரிவடிவிலேயே வேறுபடுத்திய வீரமாமுனிவரின் அக்கறையும் இத்தகையதே.

உரையை நீக்கியதால் விளக்கமும் நீங்கிவிட்டதா? இல்லை. 'வேங்கை' ஒரே சொல்லாயின் மரம் அல்லது புலி. 'வேம் கை' எனப் பிரித்தாலோ வேகின்ற கை. திருப்பலியில் வாசகம் வாசிப்போர் இதனை நன்கறிவர்: தவறான இடத்தில் நிறுத்தினால் பொருளே திரிந்துவிடும். எங்கே இடைவெளி விடுவது என முடிவு செய்தவரே முதல் உரையாசிரியர். அவர் ஓசையின்றிப் பேசுகிறார். ஆகவே நாம் விழிப்புடன் வாசித்தல் வேண்டும். பிரித்த அடியில் யாப்போசை தளர்வதும் மெய்யே.

ஆயினும், தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் நம் திருத்தணியில், ஆசிரியர் துணையின்றிச் சங்கப் பாடலைத் திறக்கும் இளைஞருக்கு அவ்வெற்றிடமே வாசற்படி. பிரித்ததைக் கண்ணால் படித்துப் பொருளுணர்வோம். பின்னர்ச் சேர்த்து, வாய்விட்டு ஓதுவோம். அப்போது பொருளோடு ஓசையும் நமக்குக் கிட்டும்.