தேரும் குதிரையும்: ஏசாயா நூலை வாசிக்கும் முறை

விவிலியத்தின் தீர்க்கதரிசன நூல்களைத் தமிழ் மாணவர் பலர் சமய நூல்கள் என்று ஒதுக்கிவிடுவர். பற்றுடையார் சிலரோ நாளை நடப்பதை உரைக்கும் ஆரூடமாகக் கொள்வர். தீர்க்கதரிசனம் என்னும் சொல்லுக்கு நெடுநோக்கு என்பது பொருள். நெடிது நோக்குபவன் தன் காலத்துத் தலைவர்களின் பிழையையே முதலிற் காண்கிறான். ஏசாயா நூலின் 30, 31ஆம் அதிகாரங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அசீரியப் பேரரசுக்கு அஞ்சிய யூதாவின் தலைவர்கள் எகிப்தின் தேர்களையும் குதிரைகளையும் நாடினர். கழுதை மீதும் ஒட்டகத்தின் மீதும் செல்வத்தை ஏற்றிப் பாலை கடந்து செல்லும் தூதுக்குழுவை ஏசாயா எள்ளல் தோன்றத் தீட்டுகிறார். கி.மு. 701இல் சனகெரிப் யூதாவின் அரண்களைக் கைப்பற்றியபோது எகிப்தின் துணை பயன்படவில்லை. 36ஆம் அதிகாரத்தில் அசீரியத் தலைவன் ஒருவனே எகிப்தை, ஊன்றியவன் கையைக் குத்தும் நாணலுக்கு ஒப்பிடுகிறான். தீர்க்கதரிசியின் உண்மை பகைவன் வாயிலும் பிறப்பது நூலின் நயம். தன் அரசும் மற்றொரு நாணலே என்பதை அவன் அறியான், கி.மு. 612இல் நினிவே வீழ்ந்தது.

மலேசிய வாசகருக்கு இது தொலைவுச் செய்தி அன்று. ஜொகூரில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் வழியிலுள்ள காஹாங்கில் பிரித்தானியர் விமானத் தளம் அமைத்திருந்தனர். அக்காலத்தின் தேரும் குதிரையும் விமானமும் போர்க்கப்பலுமே. 1941 டிசம்பர் 10இல் பெரும் போர்க்கப்பல்கள் இரண்டு மூழ்கின. 1942 ஜனவரி இறுதியில் ஜொகூர் கைவிடப்பட்டது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. வென்ற ஜப்பானும் 1945 ஆகஸ்டில் பணிந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டு நாணல்கள் முறிந்தன.

ஒப்புமையை இவ்வளவில் நிறுத்தினால் பெரும்பிழை நேரும். அவ்வாண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட தமிழர் பல்லாயிரவர். இறைநம்பிக்கை குன்றியதால் அவர்கள் அழிந்தனர் என்று உரைப்பார் உளரேல், அவர் ஏசாயாவைக் கல்லாதவரே. அவருடைய கண்டனம் தூதனுப்பிய அவையினர்க்கு உரியது. தோட்டத் தொழிலாளி எந்த எகிப்துக்குத் தூது விடுத்தான்? தாய்தந்தையற்ற பிள்ளைக்கும் கைம்பெண்ணுக்கும் நீதி கேட்டே ஏசாயாவின் முதல் அதிகாரம் பேசுகிறது. அந்த அதிகாரத்தை மறந்து 31ஆம் அதிகாரத்தைப் படிப்போர் பாதி நூலையே படித்தவராவர்.

நாவுக்கரசரின் மறுமாற்றத் திருத்தாண்டகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இக்குரல் புதிதன்று. பல்லவன் ஆணைக்குப் பணியாத துறவியும், எகிப்தை நம்பாத ஏசாயாவும் ஒரே அச்சமின்மையைப் பேசுகின்றனர். இருவரையும் ஒரே வகுப்பில் அருகருகே வைத்துப் பயிற்றலாம். இறைவனை நம்புதல் என்பது வலியாரை அண்டாமையும் எளியாரைக் கைவிடாமையும் ஆகும் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.