கேட்கக்கூடாத கேள்வி

ரோஸ் ஹெய்ல்பிரானைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலைத் தருகிறார்கள். 1949இல் இங்கிலாந்தில் கிங்ஸ் கவுன்சல் என்னும் மூத்த வழக்கறிஞர் தகுதி பெற்ற முதல் இரு பெண்களில் ஒருவர்; 1956இல் பர்ன்லி நகரின் ரெக்கார்டராக, அதாவது பகுதிநேர நீதிபதியாக அமர்ந்த பெண்; 1972இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. ‘முதல் பெண்’ என்ற இந்தப் பாராட்டு ஒரு கேள்வியை மறைத்துவிடுகிறது: அதுவரை அந்தக் கதவுகளை மூடி வைத்திருந்தது யார்?

1914இல் லிவர்பூலில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ரோஸ். சட்டப் படிப்பில் முதல் வகுப்பில் தேறி, 1939இல் வழக்கறிஞரானார். பெண்கள் வழக்காடலாம் என்ற சட்டம் 1919இலேயே வந்துவிட்டது. ஆனால் இருபது ஆண்டுகள் கழிந்தும் பெண்களை நம்பி வழக்கை ஒப்படைப்பவர்கள் குறைவு. அப்போதுதான் போர் வந்தது. ஆண்கள் படைக்குப் போனார்கள். வழக்குகள் ரோஸிடம் வந்தன. 1944இல், கறுப்பினத்தவர் என்பதால் லண்டன் விடுதியொன்று இடம் மறுத்த கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனின் வழக்கில் அவர் துணை வழக்கறிஞர். திறமை அவரிடம் முன்பே இருந்தது. அதை உலகம் பார்ப்பதற்கு ஆண்கள் இடத்தைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. போருக்குப் பிறகும் அவர் அந்த இடத்தை விடவில்லை. மகள் பிறந்த அதே 1949இல்தான் கிங்ஸ் கவுன்சலானார். செய்தித்தாள்களோ அவருடைய வாதங்களோடு அழகையும் உடையையும் சேர்த்தே எழுதின.

அந்தப் பட்டியலில் அடங்காத வேலை 1975இல் நடந்தது. ‘அவள் சம்மதித்தாள்’ என்று ஓர் ஆண் உண்மையாக நம்பினால், அந்த நம்பிக்கைக்கு நியாயமான காரணம் இல்லாவிட்டாலும், அது வல்லுறவுக் குற்றமாகாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பெண்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு ஓர் ஆலோசனைக் குழு அமைத்து, ரோஸைத் தலைவராக்கியது. குழு இரண்டு முக்கியமான பரிந்துரைகளைச் செய்தது. புகார் கொடுக்கும் பெண்ணின் பெயரை வெளியிடக்கூடாது. அவளுடைய முந்தைய பாலுறவுகளைத் தோண்டும் குறுக்கு விசாரணைக்கு வரம்பு வேண்டும். 1976இல் இரண்டும் சட்டமாயின.

இதன் கனம் நமக்குப் புரிய வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடியவர் ரோஸ். குறுக்கு விசாரணை ஒரு சாட்சியை எப்படி உடைக்கும் என்பது அவருக்குத் தொழில்முறையில் தெரியும். கூண்டில் நிற்கும் பெண்ணிடம் எந்தக் கேள்வி உண்மையைத் தேடுகிறது, எந்தக் கேள்வி அவளை அவமானப்படுத்தி வாயடைக்கிறது என்ற வேறுபாட்டைச் சட்டத்தின் மொழியில் எழுத இந்த அனுபவம் உதவியிருக்க வேண்டும்.

அதற்காக அறிக்கையை விமர்சிக்காமல் விட வேண்டியதில்லை. நியாயமற்ற நம்பிக்கையும் ஆணைக் காப்பாற்றும் என்ற கோட்பாட்டைக் குழு ஏற்றுக்கொண்டது. அது மாற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணவன் செய்யும் வல்லுறவு இங்கிலாந்தில் 1991 வரை குற்றமாகவில்லை. எந்தக் கேள்வியை அனுமதிப்பது என்ற முடிவும் நீதிபதியின் கையிலேயே விடப்பட்டது. நீதிபதிகளோ பெரும்பாலும் ஆண்கள். அனுமதி தாராளமாகக் கிடைத்ததால் 1999இல் சட்டத்தை இறுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே ரோஸ் ஹெய்ல்பிரானைத் தனியொரு சாதனையாளராக மட்டும் வாசித்தால் அவரைப் பாதிதான் வாசிக்கிறோம். ஒரு பெண் நீதிபதியின் நாற்காலியில் அமர்வது ஒரு மாற்றம். சாட்சிக் கூண்டில் ஏறும் இன்னொரு பெண்ணிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது என்பது மாறுவது வேறொரு மாற்றம். முதலாவதற்குக் கிடைக்கும் கைதட்டலில் இரண்டாவது மறக்கப்படுகிறது. ரோஸ் 2005இல் காலமானார். அவர் பெயரைக்கூடக் கேள்விப்படாத பெண்கள், தங்கள் பெயர் வெளியே வராது என்ற உறுதியோடு அந்த நாட்டுக் காவல் நிலையங்களுக்குள் இன்றும் நுழைகிறார்கள்.