இரண்டு திருநெல்வேலிகளும் நாஞ்சில் நாட்டு ஆய்வு மாணவரும்

நாகர்கோவிலில் ஒரு கருத்தரங்கு. மதியப் பந்தியில் எனக்கு எதிரே யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த இளம் விரிவுரையாளர் உட்கார்ந்திருந்தார். பேச்சு ஆய்வுப் படிப்புப் பக்கம் திரும்பியது. “குறை நினைக்காதேங்கோ சேர். உங்கட பக்கம் பதிஞ்ச ஆக்கள் எல்லாரும் கலாநிதி ஆகினம் போல. ஒரு வகுப்புக்கும் போகாமலே ஆகினம்” என்றார். அதில் வன்மம் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னார். ஆனால் அந்த நேரம் எங்கள் இலைகளில் புளிசேரி ஊற்றிக்கொண்டிருந்த பெண் எங்கள் துறையின் ஆய்வு மாணவி. அன்று காலை இரண்டாவது ஹவரில் இளங்கலை வகுப்புக்குப் புறநானூறு நடத்திவிட்டுத்தான் பந்திக்கு வந்திருந்தாள். அவள் காதில் அந்தச் சொல் விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்காகவும் அவளைப் போன்ற பலருக்காகவும் நான் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்களையும் ஒப்பிடுகிறவருக்கு முதலில் கிடைக்கும் வியப்பு ஊர்ப்பெயர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்கும் இடத்தின் பெயரும் திருநெல்வேலிதான். சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில் 1974இல் அது யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் க. கைலாசபதி. 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரிகளை இணைத்துக்கொண்ட மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் பிறந்தது. அது இருப்பது இந்தத் திருநெல்வேலியின் அபிஷேகப்பட்டியில். சுந்தரனார் திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தவர். அந்த வகையில் பெயரிலும் எங்கள் பழைய திருவிதாங்கூர் உறவு தொடர்கிறது.

எங்கள் கதையில் இன்னொரு சிறப்பும் உண்டு. ஊரை விட்டு நகராமலே பல்கலைக்கழகம் மாறியவர்கள் நாங்கள். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893இல் கல்லூரியானபோது சென்னைப் பல்கலைக்கழகம். 1937க்குப் பின் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம். 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணைந்ததும் மறுபடி சென்னை. 1966க்குப் பின் மதுரை. இப்போது நெல்லை. சான்றிதழில் முத்திரை மாறிக்கொண்டே இருந்தது. வகுப்பறையும் அதில் நின்றவர்களும் மாறவில்லை.

இலங்கை முறையை நான் பார்த்தது ஒரு மாநாட்டுக்குப் போனபோது. தேநீர் வேளைகளில் அங்குள்ள இளையவர்கள் சொன்னவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். அங்கே சிறப்புக் கலைமாணிப் பட்டத்தில் முதல் வகுப்பில் தேறிய மாணவர், பட்டத்தின் சூடு ஆறுவதற்குள் உதவி விரிவுரையாளராகத் துறைக்குள் வந்துவிடலாம். அது தற்காலிக நியமனம். பிறகு இடம் விளம்பரமானால் தகுதிகாண் விரிவுரையாளர் ஆகலாம். கலாநிதிப் பட்டம் அதற்குப் பிறகுதான். சம்பளத்தோடு கற்கை விடுமுறை தந்து வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். திரும்பி வந்து குறித்த காலம் பணியாற்றுவதாகப் பிணை எழுதித் தர வேண்டும். கைலாசபதியின் வழியும் இதுதான். பேராதனையில் விரிவுரையாளராகச் சேர்ந்தபின் பர்மிங்காம் போய் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய அந்த ஆய்வு 1968இல் நூலானது. பணி உறுதியாவதற்கு முன் கற்பித்தல் பயிற்சி முடிக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இதற்கான பயிற்சி நிலையம் 1997இலிருந்து இயங்குகிறது.

ஆக, இலங்கையில் ஒருவர் முதலில் ஆசிரியர், பிறகு ஆய்வாளர். இங்கே முதலில் ஆய்வாளர், ஆசிரியர் ஆவது கடைசியில். அந்த நண்பரின் சொல்லுக்கு வேர் இந்த வரிசை வேறுபாட்டில் இருக்கிறது.

பெயர்களிலும் இது தெரிகிறது. அங்கே கலைமாணி, முதுகலைமாணி, முதுதத்துவமாணி, கலாநிதி என்று படிகள் அடுக்காக ஏறுகின்றன. இங்கே இளங்கலை, முதுகலை, முனைவர். நடுவில் இருந்த ஆய்வியல் நிறைஞரை 2022 விதிகளில் பல்கலைக்கழக மானியக் குழு எடுத்துவிட்டது. நாங்கள் நெறியாளர் என்பவரை அவர்கள் மேற்பார்வையாளர் என்கிறார்கள். எங்கள் மாணவர்கள் வாயில் அவர் ‘கைடு’தான். அங்கே பேராசிரியர் என்றால் நெடுங்காலப் பணிக்கும் ஆய்வுக்கும் புள்ளியிட்டு ஏற்றிவைத்த பதவி. இங்கே கல்லூரியில் பாடம் எடுக்கும் எவரையும் ஊர் பேராசிரியர் என்று அழைக்கும். நேற்றுச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளரையும் கல்யாணப் பத்திரிகையில் அப்படியே அச்சிடுவார்கள். யாழ்ப்பாணத்து நண்பருக்கு இது மிகையாகத் தோன்றியது. எனக்கு இது ஊரின் மரியாதை. அரசு சம்பளத்தில் தராததைத் தெருவும் வீடும் அழைப்பில் தருகின்றன.

எங்கள் ஆய்வு மாணவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். நெட் தேர்வில் தேறி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023இலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. நல்ல தொகைதான். ஆனால் நான் வழிகாட்டியவர்களில் அது கிடைத்தவர்கள் குறைவு. மற்றவர்கள் தங்கள் கைப்பணத்தில் படிக்கிறார்கள். ஒருவர் குலசேகரம் பக்கம் விடியும் முன் ரப்பர் பால் வெட்டிவிட்டு வருவார். இன்னொருவர் முட்டத்துக் கடற்கரை வீட்டில் மாலை டியூஷன் எடுப்பார். திருமணமாகிக் கைக்குழந்தையோடு வருபவர்களும் உண்டு. பல்கலைக்கழகத்தில் டாக்டரல் கமிட்டி என்றால் வடசேரியில் அதிகாலை பஸ் ஏறி, ஆரல்வாய்மொழிக் காற்றைத் தாண்டி, திருநெல்வேலியில் இறங்கி, அபிஷேகப்பட்டிக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும்.

இவர்கள் வகுப்புக்குப் போவதில்லை என்பதுதான் என்னைச் சுட்டது. காலையில் துறைக்குள் நுழைந்ததும் கைடு சொல்வார்: “மக்களே, மூணாவது ஹவர் எனக்கு ஆபீஸ்ல மீட்டிங். செகண்ட் இயருக்கு நீ போயி எடு.” அப்படித்தான் தொடங்கும். பிறகு உள்மதிப்பீட்டுத் தாள் திருத்தம், நாட்டுநலப் பணித் திட்ட முகாம், தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது கோப்பு அடுக்குவது, கருத்தரங்கில் பந்தி பரிமாறுவது வரை வரும். ஓராண்டு போனால் ஒரு தாளின் பாதிப் பாடத்தை ஆய்வு மாணவர் நடத்தியிருப்பார். இளங்கலை மாணவர்கள் சந்தேகம் கேட்கத் தேடுவதும் அவரைத்தான். யாழ்ப்பாணத்தில் நியமனக் கடிதத்தோடு நடக்கும் வேலை, நாகர்கோவிலில் கடிதம் இல்லாமல் நடக்கிறது. நடக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

பதிந்தவர் எல்லாருக்கும் பட்டம் என்பதும் சரியில்லை. 2022 விதிகளின்படி குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. பன்னிரண்டு கிரெடிட்டுக்குக் குறையாத கோர்ஸ் ஒர்க். பேராசிரியரிடம் எட்டுப் பேர், இணைப் பேராசிரியரிடம் ஆறு, உதவிப் பேராசிரியரிடம் நாலு என்று எல்லை. ஆய்வேடு வெளித்தேர்வாளர்கள் இருவரிடம் போகும். வாய்மொழித் தேர்வு ஊரறிய நடக்கும். அறிவிப்பு ஒட்டி, யாரும் வந்து கேள்வி கேட்கலாம் என்று வைத்திருக்கிறோம். அம்மாவும் அப்பாவும் பின்வரிசையில் உட்கார்ந்து மகளிடம் கேட்கப்படும் கேள்விகளைக் கேட்பார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். தரம் குறைந்த ஆய்வேடுகள் இங்கே வருவதுண்டு. அதைக் காட்டி எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமில்லை.

கதவை ஏன் இவ்வளவு அகலமாக வைத்திருக்கிறோம் என்று கேட்டால், எங்கள் வரலாறு பதில் சொல்லும். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முன்சிறைப் பக்கம் பார்த்திவபுரத்தில் கோயிலோடு ஒரு சாலையும், அதாவது கல்விச்சாலையும், அமைத்தான். சட்டர் எனப்பட்ட மாணவர்கள் 95 பேருக்கு இடம், சாப்பாட்டுக்கு நிலம், சேர்வதற்குத் தகுதி, மீறினால் தண்டம் என்று செப்பேட்டில் எழுதி வைத்தான். காந்தளூர்ச் சாலை அதற்கு முன்மாதிரி. அந்தக் காந்தளூர்ச் சாலை பற்றி ஆராய்ந்து எழுதியவர் எங்கள் தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் இல்லாத ஆசிரியர் அவர். வகுப்பு முடித்துவிட்டுக் கல்வெட்டுப் படித்தவர். உதவித்தொகையோடு கூடிய உயர்கல்வி எங்கள் மண்ணில் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுப் பழமை உடையது என்று நான் பெருமையோடு சொல்வேன். ஆனால் அந்த 95 இடமும் வேதம் ஓதுவோருக்கு மட்டும். அதே நாட்டில் பெண்கள் தோள் மறைப்பதற்கே போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசாணை வந்தது. கோயிலுக்குள் எல்லாச் சாதியாரும் போக 1936 ஆக வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஊரில் கல்லூரி வாசலை ஒடுக்கி வைப்பது எங்களால் ஆகாது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு கன்னியாகுமரி தமிழகத்தில் முதலிடம் பெற்றது அந்த அகன்ற வாசலால்தான்.

இலங்கையில் 1945இலிருந்து இலவசக் கல்வி. அது பெரிய கொடை. பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் வாசல் மிக ஒடுக்கம். நுழைந்தவர்களிலும் உயர்ந்த வகுப்பில் தேறியவருக்கே பெரும்பாலும் துறையில் நாற்காலி. மற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, வார இறுதியில் கட்டணம் கட்டி முதுகலைமாணி படிக்க வேண்டும். யுத்த காலத்தில் மின்சாரம் இல்லாமல், அச்சத்தோடு யாழ்ப்பாண வளாகத்தைக் காத்தவர்களை நான் வணங்குகிறேன். ஆனாலும் இருபத்திரண்டு வயதில் எழுதிய தேர்வு ஒருவரின் ஆய்வு வாழ்க்கையை முடிவு செய்வதை என் மனம் ஒப்பவில்லை. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றபின் படிக்க வந்து, நாற்பது வயதில் முனைவரான பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இடம் தந்த முறையே எனக்கு மேலானது.

இந்த ஒப்பீடு போட்டியாக முடியக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார். அவர்களில் ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் மட்டக்களப்பின் விபுலானந்தர். இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவரே. ஈழத்துத் தனிநாயகம் அடிகள் தமிழைக் கற்றது எங்கள் எல்லைக்கு அந்தப்பக்கம் வடக்கன்குளத்தில், பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே. 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தபோது அவரோடு நின்றவர் நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ.அய். சுப்பிரமணியம். ஈழத்துப் பிள்ளையும் நாஞ்சில் பிள்ளையும் சேர்ந்து எழுப்பிய மன்றம் அது.

ஆகவே அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இலங்கையில் இளையவர் எடுத்த ஒவ்வொரு வகுப்பும் தாளில் இருக்கிறது. அந்தத் தாளே நாளை அவருக்குப் பதவி உயர்வு. எங்கள் மாணவர் எடுத்த ஹவர், வருகைப் பதிவேட்டில் கைடின் பெயரில் போகிறது. ஐந்தாண்டு பாடம் நடத்திய பெண் நேர்முகத்துக்குப் போனால் “அனுபவச் சான்று எங்கே?” என்று கேட்கிறார்கள். கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று மானியக் குழு 2019இலேயே சொன்னது. சுயநிதிப் பிரிவுகளில் அதன் பாதியைக்கூடக் கண்ணால் காணாதவர்கள் எத்தனையோ பேர்.

2022 விதிகளே ஆய்வு மாணவருக்குக் கற்பித்தல் பயிற்சி கட்டாயம் என்கின்றன. வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் பணி தரலாம் என்றும் சொல்கின்றன. அந்த மணி நேரத்தை மாணவர் பெயரிலேயே கால அட்டவணையில் எழுதுங்கள். பருவம் முடிந்ததும் எந்தத் தாள், எத்தனை வகுப்பு என்று துறைத்தலைவரும் முதல்வரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஆய்வேட்டோடு அதையும் பல்கலைக்கழகம் வாங்கி வைக்கட்டும். வேலைக்கு எடுப்பவர்கள் அதை அனுபவமாக மதிக்கட்டும். புதிய அரசாணைக்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் ஜூனில் கால அட்டவணை போடும்போதே நாஞ்சில் நாட்டுக் கல்லூரிகள் இதைத் தொடங்கிவிடலாம்.