வேனிற் குறியும் வையைப் புணையும்

பனி நீங்கி வசந்தம் பிறத்தல் இலங்கையில் இல்லை. எனினும், சித்திரைப் புத்தாண்டு அணுகுங்கால் குயில் கூவுதலும் முள்முருக்கு மலர்தலும் இந்நாட்டார் அறிந்த இளவேனிற் குறிகளாம். குறி பொதுவாயினும் அதன் பொருள் காண்போர் நெஞ்சத்துக்கேற்ப வேறுபடும்.

மாத்தளை மாவட்டத்துச் சீகிரியா இதற்குச் சான்று. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அரணமைத்த அக்குன்றில் மலரேந்தி நிற்கும் ஓவிய மகளிரைக் காண வந்தோர், பிற்காலத்தே கண்ணாடிச் சுவரிற் பாக்களைக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாக்களைச் செனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். ஒருவர் அம்மகளிர்தம் எழிலை வியக்கின்றார். ஒருவர் அவர் வாய்திறவாமைக்கு வருந்துகின்றார். மற்றொருவர் மன்னனை இழந்த துயரை அவர்பாற் காண்கின்றார்.

காண்போர் நெஞ்சின் இவ்வேறுபாட்டைக் காப்பியத்தின் உயிர்நிலையாக்கியவர் இளங்கோவடிகள். வேனிற்காதையில் தென்றல் தூதனாய் வேனிலின் வரவுரைக்க, குயில் காமனது ஆணையை அறிவிக்கின்றது. மாதவி அக்குறிகளால் உளமுருகி மடல் தீட்டுகின்றாள். அதனைக் கொண்டு செல்பவள் பெயரும் வசந்தமாலை. கோவலனோ அம்மடலை ஏலாது மறுக்கின்றான். வேனில் ஒன்றே; இருவர்க்கும் அது சொல்லும் செய்தி வேறு.

புறஞ்சேரியிறுத்த காதையில் இவ்வேறுபாடு மேலும் ஆழமுறுகின்றது. வையை நங்கையாக உருவகிக்கப்படுகின்றாள். கரையினின்று உதிர்ந்த கவிரிதழே அவள் செவ்வாய்; கவிராவது நம் முள்முருக்கே. கண்ணகிக்கு நேரவிருக்கும் துயரை முன்னரே அறிந்த அவள், பூவாடையாற் போர்த்துத் தன் கண்ணீரை மறைக்கின்றாள். கண்ணகியும் கோவலனும் காண்பது மலரை மட்டுமே, வியந்து தொழுகின்றனர்.

இதனைத் தற்குறிப்பேற்றமென்று பெயரிட்டு அமைவோர் உளர். அணிக்குப் பெயரிடுதல் மட்டும் திறனாய்வாகாது. இவ்வணி, மாந்தர் அறியாததைப் படிப்போர்க்கு அறிவித்து, அவரை ஆற்றின் பக்கத்தே நிறுத்துகின்றது. அதனாலன்றோ அடுத்துவரும் எளிய செயலும் நெஞ்சைச் சுடுகின்றது! குதிரை, யானை, சிங்கமுக ஓடங்கள் இயங்கும் பெருந்துறையை விடுத்து, கவுந்தியடிகளுடன் இருவரும் மரப்புணையேறித் தென்கரை அடைகின்றனர். அடிகள் அங்கு அழுகையொலி எழுப்பவில்லை. புணை கரைசேர்ந்ததை மட்டும் கூறுகின்றார். மலர்மூடிய நீர் ஏனையவற்றை முன்னரே கூறிவிட்டது.