சுயாதீன ஓவியனின் வேலைநாள்: வான் கோவை முன்வைத்துச் சில விமர்சனக் குறிப்புகள்

வின்சென்ற் வான் கோ (1853–1890) என்னும் ஒல்லாந்து ஓவியரைப் பற்றி அறிந்தோருட் பெரும்பாலோர் முதலில் அறிந்துகொள்வது, அவர் தமது காதை அறுத்துக்கொண்ட செய்தியையே. 1888 டிசம்பர் 23 ஆம் திகதி இரவு நிகழ்ந்த அச்சம்பவம் அவருடைய ஓவியங்கள் அனைத்துக்கும் திறவுகோலாகக் கொள்ளப்பட்டுவிட்டது. 1934 இல் வெளிவந்த இர்விங் ஸ்ரோனின் நாவலும், அதனைத் தழுவி 1956 இல் எடுக்கப்பட்ட திரைப்படமும் இப்படிமத்தை உலகெங்கும் பரப்பின. மேதைமையும் பித்தும் உடன்பிறந்தவை, வறுமை கலைஞனின் தலைவிதி, படைப்பென்பது ஓர் ஆவேசம் என்பனவே இப்படிமத்தின் கூறுகள். இவற்றுள் முற்றாக மறைந்துபோவது அவ்வோவியரின் வேலைநாள் ஆகும். ஏறத்தாழப் பத்தாண்டு காலத்தில் 850 க்கு மேற்பட்ட ஓவியங்களை ஆக்கிய ஒருவர் காலையில் எழுந்து எங்கே சென்றார், எதனைக் கொண்டு தீட்டினார், அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்களை வாழ்க்கை வரலாற்றாசிரியருக்குரிய சில்லறை விடயங்களாக விமர்சகர் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். ஆயின் அவ்வோவியங்களின் உருவத்தையே நிர்ணயித்தவை பெரும்பாலும் இச்சில்லறை விடயங்களே என்பதை அவற்றை ஊன்றி நோக்குவோர் உணர்வர்.

சுயாதீன ஓவியன் என்பவன் என்றும் இருந்தவன் அல்லன். திருச்சபையையும் அரசவையையும் பிரபுக்களையும் சார்ந்திருந்த முற்கால ஓவியனுக்குப் பட்டறை இருந்தது. அங்கே வர்ணக்கற்களை அரைத்து எண்ணெயிற் குழைக்கும் பயிலுநர் இருந்தனர். முடிக்கவேண்டிய வேலை இன்னதென்ற கட்டளையும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் இவ்வமைப்புக் குலைந்து, நடுவர் குழுவின் அதிகாரத்துக்குட்பட்ட அரச கண்காட்சியும், ஓவிய வணிகரும் அதனிடத்தைப் பிடித்தபோது, அவற்றை ஏற்க மறுத்தோர் 1884 இல் பாரிசிலே சுயாதீனக் கலைஞர் சங்கத்தை நிறுவினர். நடுவருமில்லை, பரிசுகளுமில்லை என்பதே அதன் கொள்கை. வான் கோ 1888, 1889, 1890 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அச்சங்கத்தின் கண்காட்சிகளிற் பங்குபற்றினார். அவ்வகையிற் பெயராலும் அவர் சுயாதீன ஓவியரே.

ஆனால் இச்சுதந்திரத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1841 இல் அமெரிக்க ஓவியரான ஜோன் கொஃப் ரான்ட் மடங்கக்கூடிய தகரக் குழாயை உருவாக்கும்வரை, குழைத்த வர்ணம் பன்றியின் சிறுநீர்ப்பையிலேயே கட்டி வைக்கப்பட்டது. துளையிட்டு எடுத்தபின் அது விரைவிற் பழுதாகிவிடும். தகரக்குழாய் வந்தபின்னரே முழு வர்ணத் தொகுதியையும் பையிலிட்டு வயல்வெளிக்குச் செல்வது எளிதாயிற்று. ஆயின் அதே குழாய் ஓவியனை ஆலைப் பண்டமொன்றை வாங்குபவனாகவும் மாற்றிற்று. தான் பயன்படுத்தும் பொருள் எதனால் ஆயது, எவ்வளவு காலம் நிலைக்கும் என்பவற்றை அறியும் கைத்தொழில் அறிவு அவனிடமிருந்து கடைக்காரனிடமும் இரசாயன உற்பத்தியாளனிடமும் கைமாறிற்று. ஆதரவாளனிடமிருந்து விடுபட்டவன் வர்ணக் கடையின் கடனாளியானான்.

வான் கோவின் கடிதங்களைப் படிப்போர் இதனைத் தெளிவாகக் காணலாம். எஞ்சியுள்ள அவரது கடிதங்கள் 800 க்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதப்பட்டவை. அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையிலான பாசத்தின் ஆவணங்களாகவே இவை பொதுவாகப் போற்றப்படுகின்றன. அது தவறன்று. ஆயினும் இவை ஒரு தொழிலின் கணக்கேடுகளுமாகும். குரோம் மஞ்சள், வெரொனீஸ் பச்சை, வெள்ளை, ஜெரானியம் சிவப்பு என நீளும் குழாய்ப் பட்டியல்கள், கன்வஸ் எத்தனை மீற்றர் வேண்டும் என்ற விபரம், வீட்டு வாடகை, உருமாதிரிக்குக் கொடுத்த கூலி ஆகியவை சூரியகாந்தி பற்றிய சிந்தனைகளோடு ஒரே தாளிற் கலந்து கிடக்கின்றன. ஓவிய வணிக நிறுவனமான கூப்பிலில் 1869 முதல் 1876 வரை பணிபுரிந்த வான் கோவுக்கு ஓவியச் சந்தை புதிதன்று. தியோவும் அதே நிறுவனத்திலேயே உழைத்தார்.

1882 அளவில் தியோ அனுப்பிய தொகை மாதம் 150 பிராங்குகள். இதனைப் பிச்சைக் காசாகக் கற்பனை செய்வோர் வான் கோவே தந்துள்ள மற்றொரு கணக்கை நோக்கவேண்டும். தெற்குப் பிரான்சின் ஆர்ல் நகரப் புகையிரத நிலையத்திலே தபால்களைக் கையாண்ட ஊழியரான ஜோசெப் ரூலான் மாதம் 135 பிராங்குச் சம்பளத்தில் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றினார். தனியனான ஓவியனோ அதனினும் கூடிய தொகை பெற்றும் பசித்திருந்தான். 1888 ஒக்ரோபரில், வியாழன் முதல் திங்கள் வரை முக்கியமாக இருபத்து மூன்று குவளைக் கோப்பியிலும் கடனுக்கு வாங்கிய பாணிலுமே காலங்கழித்ததாக வான் கோ எழுதினார். இது கூலி குறைந்தவனின் வறுமையன்று. வருவாயின் பெரும்பகுதியை மூலப்பொருளுக்கே கொடுத்துவிடும் சிறு உற்பத்தியாளனின் வறுமை. நெசவாளன் நூலுக்கும் மீனவன் வலைக்கும் கடன்படுவதை ஒத்தது. இவ்வேறுபாட்டைக் காணாத விமர்சனம் கலைஞனின் பசியைப் புனிதப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றது.

1884 இன் தொடக்கத்தில் வான் கோ தம்பியோடு செய்துகொண்ட ஏற்பாடு இவ்விடத்தில் மிக முக்கியமானது. அனுப்பப்படும் பணத்துக்கு ஈடாகத் தமது ஓவியங்கள் தியோவுக்கு உரியனவாகவேண்டும் என அவர் வற்புறுத்தினார். உதவியாக வந்த பணத்தை உழைப்பின் ஊதியமாக மாற்றுவதே இதன் நோக்கம். இவ்வேற்பாட்டினால் தொகையில் மாற்றமேதும் ஏற்படவில்லை. ஆனால் உறவின் தன்மை மாறிற்று. தாம் இரந்துண்பவரல்லர், உற்பத்தி செய்பவர் என்ற தன்மதிப்பை அவர் இதனாற் காக்க முயன்றார். வாழ்நாளில் ஒரேயொரு ஓவியத்தையே விற்றார் என வழங்கும் கதையும் இவ்விடத்திற் திருத்தப்படவேண்டியது. 1882 இலேயே அவருடைய சிற்றப்பன்மாருள் ஒருவர் ஹேக் நகரக் காட்சிகள் பன்னிரண்டை விலைக்கு வரைவித்துள்ளார். 1890 இல் பிரசெல்சில் அன்னா பொக் என்னும் ஓவியை 400 பிராங்குகளுக்கு வாங்கிய 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' நன்கறியப்பட்ட விற்பனையாகும். அத்தொகை, முன்குறித்த மாதப்பணத்தில் மூன்று மாதத்துக்குங் கூடப் போதாதது.

வேலைநாளின் தாக்கம் ஓவியங்களில் எவ்வாறு பதிந்துள்ளது என்பதே விமர்சகன் எதிர்கொள்ளவேண்டிய வினா. 1888 பெப்ரவரி 20 இல் ஆர்லுக்கு வந்தவர் அவ்வாண்டு வசந்தத்திற் பழத்தோட்டங்களைத் தொடராகத் தீட்டினார். பூக்கள் சில நாட்களே நிற்கும். ஆகவே பல கன்வஸ்களைச் சமகாலத்திற் கையாளவேண்டியிருந்தது. மிஸ்திரால் என்னும் வடகாற்று வீசும்போது ஓவியத்தாங்கியின் கால்களை இரும்பு முளைகளோடு பிணைத்து வேலை செய்தார். வான் கோவின் தூரிகை வேகத்தை மனக்கொந்தளிப்பின் அடையாளமாகக் கொள்வோர் பலர். அவரோ, விரைவில் முடிக்கப்பட்ட ஓவியங்கள் நெடுநேரம் முன்னரே கணக்கிடப்பட்டவை என்று 1888 கோடையில் விளக்கியுள்ளார். 1882 இல் ஹேக்கில் தாமே செய்வித்த நோக்குச் சட்டகம் ஒன்றையும் அவர் பாரிசிலும் ஆர்லிலும் பயன்படுத்தினார். நூல்கள் கட்டிய அச்சட்டகத்தினூடாகக் காட்சியை நோக்கி அளவுகளைக் குறிப்பது தச்சன் நூல்பிடிப்பதை ஒத்த செயல். ஆவேசத்தில் மூழ்கியவன் நூல்பிடிப்பதில்லை.

திறந்தவெளியில் நடந்த உழைப்பின் சாட்சியங்கள் வர்ணப் படையிலேயே ஒட்டியுள்ளன. 1882 இல் ஷெவெனிங்கன் கடற்கரையில் தீட்டிய ஓவியத்தில் மணற்றுகள்கள் உள்ளன. அமெரிக்க அரும்பொருட் காட்சிச்சாலையொன்றிலுள்ள ஒலிவ் மரங்கள் ஓவியத்தினுள் உலர்ந்த வெட்டுக்கிளியொன்று புதைந்திருப்பது 2017 இற் கண்டறியப்பட்டது. 1888 ஒக்ரோபர் 23 இல் போல் கோகான் ஆர்லுக்கு வந்து சேர்ந்தபின் இருவரும் 20 மீற்றர் முரட்டுச் சணற்றுணியைப் பகிர்ந்து தீட்டினர். அவ்விலையுதிர்காலத்து ஓவியங்கள் சிலவற்றிற் காணப்படும் கரடுமுரடான மேற்பரப்பு, பாணியில் ஏற்பட்ட மாற்றம் மட்டுமன்று. துணி மாறியதன் விளைவுமாகும்.

உருமாதிரிக்குக் கூலி கொடுக்க இயலாமை மற்றொரு நிர்ணய சக்தி. பாரிசில் வாழ்ந்த 1886–1888 காலப்பகுதியிலேயே வான் கோவின் தற்படங்களுட் பெரும்பாலானவை தோன்றின. அவற்றைத் தன்னாய்வின் ஆவணங்களாக மட்டும் வாசிப்போர், கண்ணாடியிற் தெரியும் முகத்துக்குக் கூலி வேண்டியதில்லை என்பதை மறந்துவிடுகின்றனர். அதற்கு முன்னர் நூனென் கிராமத்தில் 1885 செப்ரெம்பரில், அங்கத்தைய பாதிரியார் தம் சபையார் ஓவியருக்கு இருந்து காட்டக்கூடாதெனத் தடுத்தபோது, வான் கோ பறவைக்கூடுகளையும் பழங்களையும் தீட்டத் தலைப்பட்டார். கன்வஸும் இதே நெருக்கடிக்கு உட்பட்டதே. 1887 ஆம் ஆண்டுப் புல்வெளி ஓவியமொன்றின் கீழே ஒரு குடியானவப் பெண்ணின் தலை மறைந்திருப்பதை 2008 இல் ஊடுகதிர் ஆய்வு வெளிப்படுத்திற்று.

1886 ஆம் ஆண்டு 'காலணிகள்' பற்றிய புகழ்பெற்ற விவாதம் இப்பின்னணியிற் புதுப்பொருள் பெறுகின்றது. ஜேர்மனிய மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெகர் 1935–36 காலத்தில் நிகழ்த்திய கலை பற்றிய விரிவுரைகளில் அவற்றைக் குடியானவப் பெண்ணொருத்தியின் காலணிகளாகக் கொண்டு, மண், உழைப்பு, இருப்பு ஆகியன பற்றிய நீண்ட சிந்தனையை அவற்றின்மீது எழுப்பினார். கலை வரலாற்றறிஞர் மேயர் ஷாபிரோ 1968 இல் இதனை மறுத்து, அவை நகரத்தில் வாழ்ந்த ஓவியனின் சொந்தக் காலணிகளே என வாதித்தார். அவற்றைப் பழம்பொருட் சந்தையில் வாங்கி, மழையில் அணிந்து நடந்து சேறாக்கியே தீட்டினார் என உடன்பயின்ற ஓவியர் ஒருவரின் நினைவுக்குறிப்புக் கூறுகின்றது. இவ்வோவியமும் வேறொரு காட்சியின்மேல், தியோவின் மாடிக் குடியிருப்பிலிருந்து தெரிந்த காட்சியின்மேல், தீட்டப்பட்டதே. ஹைடெகரின் வாசிப்பு அழகானது. ஆனால் அவ்வழகுக்கு ஓவியன் தேவைப்படவில்லை. ஷாபிரோ உண்மைக்கு நெருங்கியவர். எனினும் காலணிகளின் உடைமையாளரைத் தேடியதோடு அமைந்துவிட்டார். கூலி கேட்காத உருமாதிரி, மீளப் பயன்படுத்திய கன்வஸ், ஓவியனே உழைத்துச் சேறாக்கிய தோல் என்பவற்றை ஒருங்கே நோக்கும்போது, அங்கே தீட்டப்பட்டிருப்பது குடியானவளின் உழைப்பன்று, ஓவியம் என்ற உழைப்பே எனக் கொள்ள இடமுண்டு.

இவ்வாறு கூறுவது கலையைச் செலவுக் கணக்காகக் குறுக்குவதாகாதா என்ற ஐயம் எழுதல் இயல்பே. எழவும் வேண்டும், ஏனெனிற் கலைவடிவத்தைப் பொருளாதாரத்தின் நேர்ப் பிரதிபலிப்பாகக் காணும் கொச்சைப் பார்வை விமர்சன உலகில் அரிதன்று. பாரிசில் வர்ணக்கடை நடத்திய ஜூலியன் தாங்கி 1871 கொம்யூன் எழுச்சியிற் பங்குபற்றித் தண்டனை பெற்றவர். கையிற் காசில்லாத ஓவியருக்கு ஓவியத்தைப் பெற்றுக்கொண்டு வர்ணம் கொடுத்தவர். செசானும் வான் கோவும் அதே கடையின் வாடிக்கையாளர். இருவரது மஞ்சளும் ஒன்றல்ல. பொருள்நிலை ஓவியனுக்குக் களத்தையும் எல்லையையும் கொடுக்கிறது. அவற்றுக்குள் எதைச் செய்வது என்பதை அது சொல்லித்தருவதில்லை.

வான் கோவின் சுயமதிப்பீட்டையும் அவ்வாறே அப்படியே ஏற்கவேண்டியதில்லை. 1885 இல் தீட்டிய 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்துக்காக அவர் மாதக்கணக்காகக் குடியானவரின் தலைகளைத் தீட்டிப் பயின்றார். மண்ணைக் கிண்டிய அதே கைகளே தட்டில் நீள்கின்றன என்பதைக் காட்டுவதே அவர் நோக்கம். தம் உழைப்பும் அவர்களது உழைப்பும் ஒன்றே என அவர் நம்ப விரும்பினார். ஆயின் நூனென் குடியானவனுக்கு மாதந்தோறும் பாரிசிலிருந்து கடிதவுறை வரவில்லை. இவ்விடைவெளியை அவர் முற்றாக உணர்ந்திருந்தார் எனச் சொல்வதற்கில்லை. அவ்வோவியத்தின் வன்மையோடு அதன் மிகையுணர்ச்சியும் இங்கிருந்தே பிறக்கின்றது.

அக்கடிதவுறையின் நிச்சயமின்மை இறுதிவரை நீங்கவில்லை. 1889 ஏப்ரிலில் தியோ மணம் முடித்தார். 1890 ஜனவரியில் மகன் பிறந்தான். அவ்வாண்டு ஜூலையில் வேலையை விட்டு விலகுவதுபற்றி அவர் யோசித்தார். ஓவெர் கிராமத்தில் ஏறத்தாழ எழுபது நாட்களில் எழுபதுக்கு மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டிக்கொண்டிருந்த தமையனுக்கு அது வெறும் குடும்பச் செய்தியன்று. 1890 ஜூலை 29 இல் வான் கோ இறந்தார்; தியோ அடுத்த ஆண்டு ஜனவரியில் மறைந்தார். எஞ்சிய ஓவியங்களைக் காத்து, கடிதங்களை 1914 இல் வெளியிட்ட யொகன்னா பொங்கரின் உழைப்புத் தனியே ஆராயப்படவேண்டியது.

ஆர்லில் 1888 ஒக்ரோபரில் தீட்டிய 'படுக்கையறை' ஓவியத்தின் சுவர்கள் இன்று வெளிர்நீலமாகத் தெரிகின்றன. அந்நீலத்தின் குளிர்மை, அமைதி, தனிமை பற்றி எழுதப்பட்டவை பல. தியோவுக்கு எழுதிய கடிதத்திலோ வான் கோ சுவர்களை வெளிர் ஊதாவென்றே குறிப்பிட்டார். அவர் கையாண்ட சிவப்புச் சாயங்களுள், ஜெரானியம் சிவப்பைப் போன்ற புதிய ஆலைச் சாயங்கள் ஒளிபட்டு மங்கக்கூடியவை. அவ்வாறு சிவப்பு மங்கவே நீலம் எஞ்சியது என்பது பிற்கால ஆய்வுகளின் முடிபு. குழாய்களில் வரும் வர்ணங்கள் நிலையற்றவை என்பதை அவர் அறிந்தேயிருந்தார். காலம் அவற்றைத் தணிக்கும் எனக் கருதி, வேண்டியதைவிட அழுத்தமாகவே பூசவேண்டும் என்றும் எழுதினார்.